ஸ்னைஃபெல்ஸ்னெஸ் ஒரு நாள் பயணம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, மாமனார் மாமியார் வந்தாலும் சரி, கல்லூரி நண்பர்கள் வந்தாலும் சரி, ஒரு நாள் அவர்களை ஸ்னைஃபெல்ஸ்னெஸுக்கு அழைத்துப் போய்விடுவோம். வழிகாட்டியோடு போகிற சின்ன பஸ். பெரும்பாலும் நானும் கூடவே ஏறிக்கொள்வேன். கிளம்புவதற்கு முன் எல்லோரும் வாட்ஸப்பில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அது எங்கே இருக்கிறது? அப்படி என்ன விசேஷம்?

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் கடலுக்குள் கை நீட்டியதைப் போல சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற தீபகற்பம். பெயரைப் பிரித்தால் பொருள் விளங்கும்: ஸ்னை என்றால் பனி, ஃபெல் என்றால் மலை, நெஸ் என்றால் முனை. பனிமலை முனை. அந்த மலை முனையின் நுனியில் நிற்கிறது. 1,446 மீட்டர் உயரம், உள்ளே எரிமலை, மேலே பனிப்பாறை. அந்தப் பனிப்பாறையோடு சேர்த்து மலையை ஸ்னைஃபெல்ஸ்யோகுல் என்பார்கள். கடைசியாக அது வெடித்து சுமார் 1,750 ஆண்டுகள் ஆகின்றன. ஜூல் வெர்ன் 1864இல் எழுதிய நாவலில் பூமியின் மையத்துக்கு இறங்கும் வாசல் இந்த மலையில்தான் இருக்கும். வெளிநாட்டார் பலருக்கு இந்தப் பெயர் அந்த வழியாகத்தான் தெரியும்.

எனக்கு விசேஷம் வேறு. எரிமலைக் குழம்பு கடலைச் சந்தித்து உறைந்த கரை இது. அந்தக் கரடுமுரடான பாறையில் ஒதுங்கி, துடுப்புப் படகில் மீன் பிடித்து, நூற்றாண்டுக் கணக்கில் ஜனங்கள் பிழைத்திருக்கிறார்கள். நெருப்பின் கதையையும் மீனவர்களின் கதையையும் இங்கே ஒரே கல்லில் பார்க்கலாம்.

டிவியில் எரிமலை வெடிப்பதைக் காட்டினார்களே, அந்த இடமா?

இல்லை. அது ரெய்க்யனெஸ், விமான நிலையம் இருக்கிற தெற்குத் தீபகற்பம். 2021 முதல் அங்கேதான் அடுத்தடுத்து வெடிப்புகள். கிரிண்டாவிக் என்ற மீனவ ஊரை 2023 நவம்பரில் காலி செய்தார்கள். ஸ்னைஃபெல்ஸ்னெஸ் அதற்கு வடக்கே, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெயர் கொஞ்சம் ஒத்துப்போவதால் குழப்பம் வருகிறது.

இங்கே மூன்று எரிமலை அமைப்புகள் உண்டு. கிழக்கே இருக்கிற லியோசுஃபியோட்லில் கடைசி வெடிப்பு 10ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்தது. அங்கே சில ஆண்டுகளாகச் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் பதிவாகின்றன, வல்லுநர்கள் கவனித்து வருகிறார்கள். பயணத்தை நிறுத்த அது காரணம் ஆகாது.

காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாமா?

திரும்பிவிடலாம், ஆனால் நாள் முழுக்கப் போய்விடும். 10 முதல் 12 மணி நேரம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காலை எட்டு மணி வாக்கில் ஏறினால், கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் ஓடுகிற குவால்ஃபியோர்துர் சுரங்கத்தைத் தாண்டி ஒன்றேகால் மணி நேரத்தில் போர்கர்னெஸ் வந்துவிடும். அங்கே டீ, கழிப்பறை. அப்புறம் 54ஆம் எண் சாலை தீபகற்பத்துக்குள் அழைத்துப் போகும்.

நாமே கார் எடுத்துப் போகக்கூடாதா? வழிகாட்டி எதற்கு?

கோடையில் தாராளமாகப் போகலாம், தார்ச்சாலைதான். குளிர்காலத்தில் வேண்டாம் என்றே சொல்வேன். சாலையில் கண்ணாடி மாதிரி பனி படிந்திருக்கும். மலையிலிருந்து இறங்குகிற காற்று கார்க் கதவைத் திறந்த வேகத்தில் பிய்த்துவிடும். இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல, வாடகைக் கார்க்காரர்களே எச்சரிப்பார்கள்.

ஆனால் நான் வழிகாட்டியோடு போகச் சொல்வதற்குக் காரணம் சாலை இல்லை. இங்கே ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை உண்டு. கதை தெரியாமல் போனால் கருப்புப் பாறையும் பச்சைப் பாசியும்தான் மிஞ்சும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆர்னர்ஸ்டாபி என்ற கடலோரக் கிராமத்தில் கல்லை அடுக்கிச் செய்த பெரிய சிலை ஒன்று நிற்கிறது. பார்துர் என்பவருடையது. பாதி மனிதர், பாதி பூதம். அவருடைய மகள் ஹெல்கா விளையாட்டின்போது பனிக்கட்டியில் தள்ளிவிடப்பட்டு, அப்படியே கிரீன்லாந்து வரை மிதந்து போய்விட்டாள். உயிரோடு கரை சேர்ந்தாள், ஆனால் அது அப்பாவுக்குத் தெரியாது. தள்ளிவிட்டவர்கள் அவருடைய தம்பி மகன்கள் இருவர். ஆத்திரத்தில் ஒருவனை மலைப்பிளவில் போட்டார், இன்னொருவனைக் கடற்பாறையிலிருந்து உருட்டிவிட்டார். அந்தப் பிளவுக்கும் அந்தப் பாறைக்கும் இன்றும் அந்தப் பையன்களின் பெயர்தான். பிறகு மனம் வெறுத்துப் பனிப்பாறைக்குள் போய் மறைந்தார். ஆபத்தில் கூப்பிட்டால் வருவார் என்று சுற்றுவட்டாரத்து ஜனங்கள் நம்பினார்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் என் மாமியாருக்கு நான் தமிழில் சொன்னேன். "அட, நம்ம எல்லைச்சாமி" என்று சிலையைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பெரும்பாலான பயணங்களில் வழிகாட்டி பேசுவது ஆங்கிலம்தான். பெரியவர்களோடு போகிறவர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வாருங்கள்.

எங்கெல்லாம் நிறுத்துவார்கள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். வழக்கமாகத் தெற்குக் கரை வழியாகப் போய், முனையைச் சுற்றி, வடக்குக் கரை வழியாகத் திரும்புவார்கள்.

முதலில் இத்ரி டுங்கா. கருப்பு மணல் நாட்டில் அபூர்வமான வெளிர் மணல் கடற்கரை. பாறைகளின் மேல் கடல்நாய்கள் படுத்திருக்கும், கோடையில் அதிகம். ஐம்பது மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள், குட்டிகள் இருக்கும்.

பூதிரில் லாவா, அதாவது உறைந்த எரிமலைக் குழம்பு வெளி நடுவே தனியாக ஒரு கருப்பு மரத் தேவாலயம். படகுக்குத் தார் பூசுவதைப் போலப் பூசிய கருப்பு. முதலில் 1703இல் கட்டியது பாழாகி, தேவாலயத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி கட்ட மேலிடத்துப் பாதிரிமார்கள் சம்மதிக்கவில்லை. ஸ்டெய்னுன் என்ற பெண்மணி விடாப்பிடியாக நின்று அரசரிடம் அனுமதி வாங்கி, 1848இல் எழுப்பினார். ஆன்மீகத் தந்தையரின் உதவியில்லாமல் கட்டப்பட்டது என்று கதவு வளையத்தில் பொறித்தும் வைத்துவிட்டார்கள். எல்லோரும் தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் கதவு வரை போய் அந்த வளையத்தைப் பாருங்கள்.

அடுத்து ஆர்னர்ஸ்டாபி. அங்கிருந்து ஹெல்நார் வரை கடலோரமாக இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை. நேரம் கொடுத்தால் நடந்துவிடுங்கள், பஸ் அந்தப் பக்கம் வந்து நிற்கும். ஹெல்நாரைத் தாண்டியதும் லோய்கர்பிரெக்கா என்ற இடத்தில் ஒரு சின்னச் சிலை: படகில் நிற்கும் பெண், தோளில் குழந்தை. குத்ரிதுர் என்பவர், இங்கே பிறந்தவர். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கா வரை கப்பலில் போய், அங்கே ஒரு மகனையும் பெற்றவர். வயதான பிறகு ரோமாபுரிக்கு யாத்திரை போய்த் திரும்பினார் என்று 'சாகா' எனப்படும் பழைய ஐஸ்லாந்துக் கதைகள் சொல்கின்றன. கொலம்பஸுக்கு முன் ஐரோப்பியர் அங்கே போயிருந்தார்கள் என்பதற்கு நியூஃபவுண்ட்லாந்தில் 1960இல் கண்டெடுத்த குடியிருப்பு சாட்சி. பல பஸ்கள் இந்தச் சிலைக்கு நிற்பதில்லை. கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.

பிறகு லோன்ட்ராங்கர். கடலோரம் கோபுரம் மாதிரி இரண்டு பாறைகள், பெரியது 75 மீட்டர். எரிமலையின் தொண்டையில் உறைந்துபோன குழம்பு அது. சுற்றியிருந்த மண்ணைக் கடல் தின்றுவிட்டது. அதன் அருகே உள்ள புல்வெளியில் விவசாயிகள் புல் அறுக்க மாட்டார்களாம், அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து வாழ்கிற மாய ஜனங்களின் நிலம் என்று.

த்யூபலோன்சாந்துர் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். சாக்ஸ்ஹோல் என்ற சின்ன எரிமலைக் குன்றில் இரும்புப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஏறினால் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்க்கலாம். வடக்குக் கரையில் கிர்க்யுஃபெல் மலையும் அதன் எதிரே சின்ன அருவியும். அதோடு திரும்புவார்கள்.

செதுக்கி வைத்தது மாதிரி ஆறுமூலைத் தூண்கள் படத்தில் தெரிகிறதே, அது எப்படி வந்தது?

வறண்ட குளத்துக்குள் நடந்திருப்பீர்கள். சேறு காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். லாவாவிலும் அதேதான் நடக்கிறது. குழம்பு ஆறும்போது சுருங்குகிறது, சுருக்கத்தைத் தாங்காமல் வெடிக்கிறது, குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்குகிறது. அதனால்தான் பாளமாக இல்லாமல் தூணாக நிற்கிறது. குளிர்கிற பரப்புக்கு எப்போதும் செங்குத்தாக இருக்கும். ஆர்னர்ஸ்டாபி துறைமுகத்தில் சில தூண்கள் விசிறி மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்தால், குழம்பு எந்தப் பக்கத்திலிருந்து ஆறியது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கல் தூக்குகிற கடற்கரை என்கிறார்களே, அது என்ன?

த்யூபலோன்சாந்துர். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

வண்டி நிற்கிற இடத்திலிருந்து லாவாச் சுவர்களுக்கு நடுவே இறங்கிப் போகவேண்டும். பாதை முடிகிற இடத்தில் கருப்புக் கூழாங்கற்கள். புளியங்கொட்டை மாதிரி வழவழப்பு. அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும், அது நீண்ட நேரம் காதில் நிற்கும்.

இறங்கியதும் நான்கு பெரிய உருண்டைக் கற்கள் கிடக்கும். ஃபுல்ஸ்டெர்குர், அதாவது முழுபலம், 154 கிலோ. ஹால்ஃப்ஸ்டெர்குர், அரைபலம், 100 கிலோ. ஹால்ஃப்த்ரைட்டிங்குர், அரைப்பங்குக்காரன், 54 கிலோ. அம்லோதி, ஒன்றுக்கும் உதவாதவன், 23 கிலோ. பக்கத்துக் குடாவான த்ரிட்விக், துடுப்புப் படகுக் காலத்தில் பெரிய மீன்பிடித் தளம். பருவத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து தங்கிக் கடலுக்குப் போவார்கள். படகில் வேலை கேட்டு வருகிறவன் இந்தக் கல்லை இடுப்புயரப் பாறை மேல் தூக்கி வைக்கவேண்டும். 54 கிலோவைக்கூடத் தூக்க முடியாதவனுக்குப் படகில் இடமில்லை. அலையில் துடுப்பு வலிக்கிறவனிடம் பலம் இல்லையென்றால் மொத்தப் படகும் போய்விடும்.

என் மாமனாருக்கு 68 வயது. அம்லோதியை மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தார். அடுத்த கல்லை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு தன் ஊர் இளவட்டக்கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். உருண்டையாக இருக்கும், பிடி கிடைக்காது, முதலில் முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குத் தள்ளிப் பின்னால் போடவேண்டும், அதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் என்று ஒரு காலம் இருந்தது என்று. நான் வழிகாட்டிக்கு மொழிபெயர்த்தேன். அவர் அதை அப்படியே பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னார். இங்கே படகுக்கு, அங்கே கல்யாணத்துக்கு.

கற்களைத் தாண்டி நடந்தால் மணலெங்கும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் கிடக்கும். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். 1948 மார்ச் 13 இரவு இங்கே மோதி உடைந்த எப்பைன் என்ற ஆங்கிலேய மீன்பிடிக் கப்பலின் எச்சம் அது. 14 பேர் இறந்தார்கள், 5 பேரை மீட்டார்கள். நினைவுச் சின்னமாக அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது மனது வலிக்கும். தயவு செய்து அதைத் தொடாதீர்கள், குழந்தைகளிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கே கடலில் கால் நனைக்கலாமா?

கூடாது. மெரினாவில் நிற்பதைப் போல நிற்கவே கூடாது. கரை சட்டென்று ஆழமாகிறது, இழுப்பு பலமானது, நான்கு அலை சாதுவாக வந்தபிறகு ஐந்தாவது அலை இருமடங்கு ஏறி வரும். தண்ணீரின் குளிரில் சில நிமிடங்களில் கை கால் மரத்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். ஆபத்து என்றால் 112.

குகைக்குள் போகலாமா?

வட்ன்ஸ்ஹெல்லிர் என்ற லாவாக் குழாய் இருக்கிறது, சுமார் 8,000 ஆண்டுப் பழசு. மேலே ஓடிய குழம்பு தோல் கட்டி உறைய, உள்ளே இருந்தது வடிந்துபோக, மிஞ்சிய சுரங்கம். சுழல் படிக்கட்டில் இறங்கி 200 மீட்டர் நடந்து, 35 மீட்டர் ஆழம் வரை போகலாம். தலைக்கவசமும் விளக்கும் தருவார்கள், சுமார் 45 நிமிடம். எல்லா ஒரு நாள் பயணத்திலும் இது சேராது, தனிச் சீட்டு. முழங்கால் வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வருவது நல்லது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜூன் மூன்றாம் வாரத்தில் இரவே இல்லை, பறவைகளும் கடல்நாய்களும் அப்போதுதான் அதிகம். செப்டம்பர் எனக்குப் பிடிக்கும்: கூட்டம் குறையும், குறுஞ்செடிகள் சிவக்கும், இரவு வானத்தில் பச்சையாக ஆடுகிற வடக்கு வெளிச்சம் தெரிய வாய்ப்பு உண்டு. டிசம்பரில் பகல் நான்கு மணி நேரம்தான். காலை இருட்டில் கிளம்பி, மாலை இருட்டில் திரும்புவீர்கள். ஆனால் பனி போர்த்திய கருப்புத் தேவாலயத்தைப் பார்த்தவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

என்ன உடை?

ஜூலையிலும் 10 முதல் 13 டிகிரிதான். குடையைக் கொண்டுவராதீர்கள், காற்றில் நிமிர்ந்து நிற்காது. காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, உள்ளே கம்பளி, தண்ணீர் புகாத ஷூ, குல்லா. சேலையில்தான் வருவேன் என்று அடம்பிடித்த ஒரு அத்தை, உள்ளே தெர்மல் பேன்ட் போட்டு நாள் முழுக்கச் சமாளித்துவிட்டார். அதுவும் ஒரு வழி. குளிர்காலத்தில் ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள் பட்டை கட்டாயம்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நம்பி இருக்காதீர்கள். வழியில் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. சூப்பும் ரொட்டியும் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் மீன் சூப் அல்லது ஆட்டிறைச்சி சூப். பெட்ரோல் பங்கில் விற்கிற ஹாட்டாக் ஆட்டிறைச்சியோடு பன்றி, மாட்டிறைச்சியும் கலந்தது, தவிர்க்கிறவர்கள் கவனிக்கவும். நாங்கள் காலையிலேயே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவோம். சூடாக வேண்டுமென்றால் பிளாஸ்கில் ரசம். அந்தக் காற்றில் ரசம் குடித்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கவேண்டாம், குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் ஹார்த்ஃபிஸ்குர் வாங்கிப் பாருங்கள். உப்புப் போடாமல் காற்றிலேயே காயவைத்த கருவாடு. சமைக்கமாட்டார்கள், அப்படியே பிய்த்து வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள்.

பெரியவர்கள் நடக்க முடியுமா?

பூதிரிலும் கிர்க்யுஃபெல் அருவியிலும் அதிக நடை இல்லை. த்யூபலோன்சாந்துர் இறக்கம் மட்டும் மேடுபள்ளம். கீழே கூழாங்கல்லில் கால் புதையும், கைத்தடி உதவும். மேலே இருக்கும் பார்வை மேடையிலிருந்தே கடற்கரை தெரியும். கழிப்பறைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு, நிறுத்துகிற இடத்திலெல்லாம் போய்விட்டு வந்துவிடுங்கள்.

பறவை தலையில் கொத்துமாமே?

கிரியா என்று பெயர், அதன் சத்தமே அதன் பெயர். ஆர்க்டிக் ஆலா. மே மாதம் அண்டார்டிகா பக்கமிருந்து பறந்து வந்து தரையில் முட்டையிடும். ஜூன், ஜூலையில் குஞ்சுக்கு அருகே போனால் தலைக்கு நேராகப் பாயும். உயரமாக இருப்பதைத்தான் கொத்தும், அதனால் கையையோ குச்சியையோ தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மெதுவாக விலகிப் போங்கள். வீசி அடிக்கவேண்டாம். பூமியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து, திறந்த வெளியில் குஞ்சு பொரித்துக் காவல் நிற்கிற நூறு கிராம் உயிர் அது.

கிர்க்யுஃபெல் மேல் ஏறலாமா?

ஒரு நாள் பயணத்தில் கிடையாது, தனியாகவும் முயலாதீர்கள். 463 மீட்டர்தான், பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் பக்கங்கள் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும், விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். கூம்பாக இருப்பதால் எரிமலை என்று பலர் நினைப்பார்கள். அது லாவாவும் படிவுகளும் அடுக்கடுக்காகக் கிடந்த நிலம். இரு பக்கமும் பனிப்பாறைகள் அரைத்துச் செதுக்கியதில் மிஞ்சிய துண்டு.

விசா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும், ஐஸ்லாந்துக்குத் தனியாக வேண்டாம். லண்டனில் இருந்து வருகிறவர்கள் கவனியுங்கள்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பிரிட்டனில் குடியிருப்பு அனுமதி இருந்தாலும் ஷெங்கன் விசா எடுக்கத்தான் வேண்டும்.

அந்தக் கருப்புக் கூழாங்கல் ஒன்று எடுத்து வரலாமா?

கூடாது. 2001இலிருந்து அது தேசியப் பூங்கா, கற்களுக்கும் பாதுகாப்பு உண்டு. பாசியையும் மிதிக்காதீர்கள், அழிந்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். பூங்காவில் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடவும் முடியாது.

அவ்வளவு தூரம் போய் மலையே தெரியவில்லை என்றால்?

நடக்கும். கடலோர மலை, மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். பலமுறை போயிருக்கிறேன், பாதிக்கு மேல் உச்சியைப் பார்க்காமல்தான் திரும்பியிருக்கிறேன். பனியும் முன்பு போல இல்லை. 2012 ஆகஸ்டில் உச்சிப் பாறை பனி இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தது, பதிவுகள் தெரிந்த காலத்தில் அதுவே முதல் முறை. இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று வருகிற ஒவ்வொருவரையும் நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

அன்று தெரியவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். ரெய்க்யவிக்கில் தங்கியிருக்கும் நாட்களில் வானம் தெளிந்த ஒரு சாயங்காலம் நகரத்தின் மேற்கு நுனியில் உள்ள க்ரோட்டா கலங்கரை விளக்கப் பக்கம் போங்கள். வடமேற்கே கடலைத் தாண்டிப் பாருங்கள். 120 கிலோமீட்டர் தூரத்தில், தண்ணீர் மேலேயே மிதப்பதைப் போல ஒரு வெள்ளைக் கூம்பு தெரியும். என் மாமியார் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அங்கேதான் பார்த்தார்.